ஜெனரலின் கல்

பெர்லின் டிராமில் என் முன் இருக்கைக்காரர், மடியில் தோட்டக் கையுறைகளோடு, பக்கத்துப் பெண்ணிடம் சொன்னார்:

"இண்டைக்கு ஒரு ஜெனரலுக்குப் புல்லு வெட்டினனான், அக்கா. பழைய படைவீரரைப் புதைச்ச சவக்காலை. பெரிய ஆக்கள் கனபேர் கிடக்கினம்."

"பெர்லின் மதில் அதுக்குள்ளாலதானே போனது?"

"ஓம். அப்ப கல்லுகளைப் பிடுங்கிப்போட்டாங்கள். மதில் விழுந்தாப் பிறகு சிலதைத் திருப்பி வைச்சிருக்கினம்."

"எலும்பு அந்தக் கல்லுக்குக் கீழயோ கிடக்கு?"

"ஆருக்குத் தெரியும். எண்டாலும் சனம் பூ வைக்குது."

டிராம் அடுத்த தரிப்பிடத்தில் நின்று கிளம்பியதும் அந்தப் பெண் சொன்னார்:

"ஊரில, சண்டையில செத்த எங்கட தம்பியின்ர கல்லை உடைச்சு, அதுக்கு மேல ஆமி காம்ப் போட்டவன். இடமில்லாமல் என்னத்தை வைக்கிறதெண்டு நாங்கள் விட்டிட்டம்."

அவர் கையுறையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினார். அதைப் பார்த்தபடி அந்தப் பெண் கேட்டார்:

"அப்ப வீட்டு வளவிலயும் ஒரு கல்லு வைக்கலாம், என்ன?"

"வைக்கலாம், அக்கா. புல்லு மூட விடாதேங்கோ."