சுவரில் இங்கிலாந்து

திருச்சுழி பஸ்ஸில் என் முன் சீட்டில், மாப்பிள்ளை வீடு பார்த்துத் திரும்பும் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். வெளியே கருவேலங்காட்டை வெயில் தின்றுகொண்டிருந்தது.

“சுவத்துல மேப்பு மாட்டுறவனுக்கு நான் பொண்ணு குடுக்க மாட்டேன்,” என்றார் கணவர்.

“அது இங்கிலாந்துல ஏதோ ஜில்லாவாம். அந்தக் காலத்துல ஊர் சுத்திப் பாக்குறவுகளுக்காகப் போட்டதாம். பழைய மேப்பு சேக்குறதுல மாப்பிள்ளைக்கு ஆசையாம்,” என்றார் மனைவி.

“எனக்கென்னமோ சோலார் கம்பெனிக்கு நெலம் பிடிச்சுக் குடுக்குற புரோக்கர் மாதிரிதான் தெரியுது. நம்ம புஞ்சை மேல கண்ணு.”

“அதுல நம்ம புஞ்சை எங்க இருக்கு? ஒரு கண்மாய்கூட இல்ல.”

“பாத்தியா, நீயும் தேடியிருக்க!”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பரளச்சி விலக்கு தாண்டியதும் குரலைத் தாழ்த்தினார்.

“ஏங்க, வெளியூர் மேப்பு சுவத்துல இருக்கு. நம்ம ஊர் மேப்பு பீரோவுக்குள்ள இருக்குமோ?”