நகம் வெட்ட வாற பிள்ளை

இல்லை மிஸ், மூண்டரைப் பஸ் ரெண்டு நாளாப் பழுது. இனி நாலேகாலுக்குத்தான். இஞ்சாலை தள்ளி இருங்கோ, அதில வெயில் அடிக்கும். ஏன், கந்தோரில வாகனம் ஒண்டும் தரேல்லையோ உங்களுக்கு?

நான் உங்களை உள்ளுக்கையே பாத்தனான். முதியோர் இல்லத்து விறாந்தையில மூலைக்கு இருந்து வீரையா அப்பாவுக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தது நான்தான். இல்லத்தைச் சோதிக்க வந்த நீங்கள் அந்தப் போமில சரி போட்டுச் சரி போட்டுக் கொண்டு போனியள். ஒண்டு கேக்கிறன், கட்டில் விரிப்பெல்லாம் நீலத்தில பளிச்செண்டு கிடந்ததுதானே. மடிச்ச அடையாளம் போகேல்லை, கவனிச்சனீங்களோ? அது அலுமாரியில இருக்கிற விரிப்பு. ஆரும் வரினமெண்டு போன் வந்தாத்தான் வெளியில வரும். இப்ப நீங்கள் கேற்றைத் தாண்ட முந்தியே உருவி எடுத்திருப்பினம். உங்களுக்குத் தேத்தண்ணி தந்த பூப்போட்ட கோப்பையையும் நான் இண்டைக்குத்தான் கண்டனான்.

இல்லையில்லை, எனக்குச் சம்பளம் ஒண்டுமில்லை. பரந்தனில தையல்கடையில நிக்கிறன். எங்கட மாதர் சங்கத்தால கேட்டுப்போட்டு, புதனுக்குப் புதன் வந்து எல்லாருக்கும் நகம் வெட்டி விடுறன். செவ்வாய், வெள்ளி வெட்டக்கூடாதெண்டுதான் புதன். உள்ளுக்க ஆருக்கும் என்ரை பேர் தெரியாது, நகம் வெட்ட வாற பிள்ளை எண்டுதான் சொல்லுவினம். நாப்பத்தாறு வயசுப் பிள்ளை.

மிஸ், உங்கட போமை விட நகம் கனக்கச் சொல்லும். பதினெட்டுப் பேரின்ரை நகம். கமலாசனி அம்மாவின்ரை நகக்கண்ணுக்குள்ள மஞ்சளாப் பருப்புக் கறி காய்ஞ்சு இறுகிக் கிடக்கும். அப்ப ஒருத்தரும் அவவின்ரை கையைக் கழுவி விடேல்லை. ஒருநாளில்லை, ரெண்டு மூண்டு நாள். சில ஆக்களின்ரை நகத்துக்குள்ள வேற கிடக்கும், அதை நான் சொல்ல வேண்டாம், நீங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திருக்கிறியள். வீரையா அப்பாவுக்கு வெள்ளையா இருக்கும். முதல் நான் விபூதியெண்டு நினைச்சன். அது சுவர்ச் சுண்ணாம்பு, மிஸ். சுரண்டித் தின்னுறார். பசி. உங்கட போமில மூண்டு நேரச் சாப்பாடெண்டு ஒரு கேள்வி இருக்கும், சரி போட்டிருப்பியள். பிழையில்லை, மூண்டு நேரம்தான். ஆனா ராச்சாப்பாடு நாலரைக்கு. வேலைக்கு நிக்கிற ரெண்டு பெட்டையளில ஒண்டு ஐஞ்சு மணிக்கு வெளிக்கிடும், அதுக்கு முந்திக் கோப்பை கழுவோணும். பேந்து காலமை ஏழரைக்குப் பாண். நடுவில சுண்ணாம்பு.

சிரிக்கிறியள். நானும் முதல் சிரிச்சனான்.

மற்றது இந்தப் பிறந்தநாள் கூத்து. வெளிநாட்டிலை ஆரின்ரையோ பிள்ளைக்குப் பிறந்தநாளெண்டா இஞ்ச ஒருநேரச் சாப்பாடு குடுப்பினம், தெரியும்தானே. நல்ல விசயம்தான், ஆர் இல்லையெண்டது. பன்னிரண்டு மணிக்குச் சோறு, கறி, பொரியல், பாயாசம் எல்லாத்தையும் பரிமாறி வச்சாச்சு. பின்னால பெரிய பனர், பிள்ளையின்ரை படத்தோட. ஆனா ஒருத்தரும் கை வைக்கக்கூடாது. ஏனெண்டா லண்டனில பிள்ளை இன்னும் நித்திரையால எழும்பேல்லை. அது எழும்பிப் பல்லு மினுக்கி வீடியோவில வந்தாப் பிறகு இவை கை தட்டிப் பாட்டுப் பாடோணும். பல்லில்லாத வாயால இங்கிலீசுப் பாட்டு. ரெண்டு மணியாகும் சில நாளைக்கு. இலையான் மொய்ச்சுப் பாயாசத்தில குளிக்கும்.

மாசி மாசம் செல்வநாயகம் மாஸ்டருக்குச் சீனி வருத்த ஊசியைப் பதினொண்டரைக்கே போட்டுப்போட்டுக் கொண்டுவந்து கதிரையில இருத்தியாச்சு. ஊசி போட்டா உடன சாப்பிடோணுமெண்டு எனக்கே தெரியும். மனிசன் வேர்த்து வேர்த்து அப்பிடியே சரிஞ்சிட்டார். நித்திரையெண்டு நினைச்சினமாம். படம் பேஸ்புக்கில கிடக்கு, வேணுமெண்டா காட்டுறன். முன்வரிசையில தலை தொங்கிக்கொண்டிருக்கிறது அவர்தான். கீழை எல்லாரும் கைகூப்பிப் போட்டிருக்கினம். இல்லை, அண்டைக்குச் சாகேல்லை. நிரோஜாதான் ஓடிப்போய்ச் சீனித்தண்ணி பருக்கினவள். அந்தப் பெட்டையைக் குறை சொல்லமாட்டன். பத்தொன்பது வயசில தனியத் தூக்கித் தூக்கி அதுக்கே நாரி, இடுப்பெல்லாம் விட்டுப்போச்சு. ஐஞ்சு மணிக்கு ஓடுறவளும் அவள்தான், கடைசிப் பஸ் அவளுக்கு அதுதான்.

உங்களைப் பின்னுக்குக் கூட்டிக்கொண்டு போனவையோ? குசினிக்குப் பக்கத்தில பச்சைத் திரை போட்ட அறை. ஸ்டோர் எண்டவையோ? நினைச்சனான்.

ஸ்டோர் இல்லை மிஸ். அதுக்குள்ள நாலு கட்டில். எழும்பேலாத ஆக்கள். படம் எடுக்கேக்க அவையைக் கொண்டு வரமாட்டினம், மணக்குமாம். மணக்கும்தான். நான் திரையை விலக்கேக்க இப்பவும் கையால மூக்கைப் பொத்துறனான், பொய் சொல்லேல்லை. ஒரு நாளைக்கு ஒரு பம்பர்ஸ். அதுவும் நனைஞ்சதைக் கழட்டி வேலியில வெயிலுக்குக் காயப்போட்டு, பின்னேரம் அதையே திருப்பிக் கட்டுறது. முதல் நாள் கண்டபோது நான் கிணத்தடிக்குப் போய்ச் சத்தியெடுத்தனான். ஆரோ நல்ல சனம் பெட்டி பெட்டியாக் குடுத்ததெல்லாம் பொறுப்பாளர் ஐயாவின்ரை அறையில அடுக்கிக் கிடக்கு. பிறகு தேவைப்படுமாம்.

அதில யன்னலோட கிடக்கிறது பதினோராம் கட்டில். மீனம்மா எண்டு பேர். எழுபத்தெட்டு வயசு, நல்ல மறதி. வலப்பக்க இடுப்பில படுக்கைப்புண். என்ரை உள்ளங்கையளவு. போன கிழமை எறும்பு ஏறியிருந்தது, மிஸ். நான் நகவெட்டியை வச்சிட்டு ஒவ்வொண்டா எடுத்தனான். அவ கத்தேல்லை. அதுதான் எனக்கு ஏலாமல் போனது.

மாறிப் படுக்க வைக்கிறேல்லையோ எண்டு கேக்கிறியள். வைக்கிறவை. இடப்பக்கம் சரிச்சா அவ கத்துவா, கடிக்கப் போவா. உடன திருப்பி வலப்பக்கம் விட்டிடுவினம். பிடிவாதமாம், குணம் கூடாதாம். பிடிவாதம் ஒண்டுமில்லை. இடப்பக்கத்துக்குள்ள செல்பீஸ் ஒண்டு கிடக்கு, கடைசிச் சண்டையில செல் வெடிச்சுப் பட்ட இரும்புத்துண்டு. எடுத்தா நரம்பு போயிடுமெண்டு டொக்டர் விட்டது. அந்தப் பக்கம் பாரம் போனா உள்ளுக்கக் குத்தும். ஒரு தலைகணியை மடிச்சு முதுகுக்குப் பின்னால வச்சு, அரைவாசி சரிச்சு விட்டாக் கிடப்பா. இந்த விசயம் அவவின்ரை பைலில இல்லை.

சொன்னனான், சொல்லாமல் இருப்பனோ. பொறுப்பாளர் ஐயா சிரிச்சார். நீங்கள் நகத்தை வெட்டுங்கோ தங்கச்சி எண்டார். மனிசிக்கே தன்ரை பேர் மறந்துபோச்சு, செல்பீஸ் கதையை உங்களுக்கு ஆர் சொன்னது எண்டார்.

அதாலதான் மிஸ் உங்களைப் பஸ் ஹோல்ற்றில வந்து பிடிச்சனான். எழுதுறதெண்டா இதை எழுதுங்கோ. பதினோராம் கட்டிலுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாக்கச் சொல்லி எழுதுங்கோ. கந்தோரில இருந்து கடிதம் வந்தாச் செய்வினம், கடிதத்துக்குப் பயம். ஆனா மூடச் சொல்லி மட்டும் எழுதிப்போடாதேங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன். மூடினா இந்தச் சனம் எங்க போறது? இவ்வளவு ஊத்தையைச் சொல்லிப்போட்டு மூடவேண்டாம் எண்டுறன், உங்களுக்கு விசராத்தான் இருக்கும்.

என்ரை பேரோ? வேண்டாம் மிஸ். கையெழுத்தும் வேண்டாம். பொதுமகள் ஒருவர் எண்டு போடுங்கோ.

ஓம், பேரில்லாட்டிப் பாரமில்லைத்தான். அந்தச் செல்பீஸ் கதை எனக்கு எப்பிடித் தெரியுமெண்டு மேல கேப்பினம்தான்.

அங்க பிள்ளையள் இருக்கிறவையை எடுக்கமாட்டினம், அது தெரியும்தானே உங்களுக்கு. ஆருமில்லாதவைக்குத்தான் இடம். மைக்கைப் பிடிச்சா பொறுப்பாளர் ஐயா அதைத்தான் முதல் சொல்லுவார், இவைக்கு ஒருத்தருமில்லை, நாங்கள்தான் பிள்ளையள் எண்டு. அவைக்கு முன்னாலையே. ஒவ்வொரு கிழமையும். கேட்டுக் கேட்டு அந்தச் சனத்துக்கும் அது மனசில ஏறிப்போகும்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி மீனம்மாவை அங்க சேக்க ஒரு கடிதம் எழுதினது. இந்த அம்மாவுக்கு ரெண்டு பிள்ளையள், ரெண்டும் முள்ளிவாய்க்காலில செத்ததெண்டு. அப்பிடி எழுதினா எங்கட பக்கம் ஒருத்தரும் திருப்பிக் கேக்கமாட்டினம். எத்தினையோ வீட்டில அதுதானே நடந்தது. ரெண்டு மனிசர் சாட்சிக்குக் கையெழுத்து வச்சவை. மகன் செத்தது உண்மை. சிவகரன் எண்டு பேர், இருபத்திநாலு வயசு. அவன்ரை பேருக்குக் கீழை மற்றப் பேரை எழுதேக்க, எழுதினவருக்கு எழுத்துப் பிழைச்சுப்போச்சு. சிவரூபி. நான்தான் சரியாச் சொல்லிக் குடுத்தனான்.

அதுக்கு முந்தி அவ ரெண்டு தரம் காஸைத் திறந்துவிட்டுட்டு மறந்துபோய்ப் படுத்திட்டா. என்ரை பிள்ளையள் வீட்டுக்க. ஒண்டில் அவ, ஒண்டில் நாங்கள் எண்டு என்ரை மனிசன் சொல்லிப்போட்டார். அவரையும் பிழை சொல்லேலாது. சொல்லேலுமெண்டாச் சுகமா இருக்கும்.

பதினெட்டுப் பேருக்கு நகம் வெட்டினாத்தான், மிஸ், ஒராளின்ரை கையை ஒருத்தரும் கேள்வி கேக்காமல் பிடிச்சுக்கொண்டிருக்கலாம்.

அந்தா, பஸ்ஸின்ரை சத்தம் கேக்குது. எழும்பிக் கையைக் காட்டுங்கோ, நிக்காமல் போயிடுவான். அந்த எக்ஸ்ரே, மறந்துபோடாதேங்கோ. பேரைப் போடுறதோ விடுறதோ, நீங்கள் படிச்சனீங்கள், யோசிச்சுச் செய்யுங்கோ.

இந்த மே மாசம் எல்லாருக்கும் கஞ்சி குடுத்து, செத்துப்போன தங்கட ஆக்களுக்கு விளக்கேத்தச் சொன்னவை. அவவையும் கதிரையில வச்சுக் கொண்டுவந்தவை. ரெண்டு சிட்டி விளக்குக் கேட்டு வாங்கினா. கை நடுங்கினபடியால் நான்தான் பக்கத்தில இருந்து பிடிச்சுக் குடுத்தனான். இது என்ரை பெடியனுக்கு, இது பெட்டைக்கு எண்டு எனக்குக் காட்டினவ. நல்ல காத்து அண்டைக்கு. தம்பியின்ரை நூந்துபோச்சு. என்ரை நிண்டு எரிஞ்சது, மிஸ்.