குவாபெனா எங்கே உறங்குவான்?

எங்கள் சொந்த ஊரான மாம்போங்கிலிருந்து கடல் கடந்து வந்து இந்த மேடைக்குத் தலைமை தாங்கும் எங்கள் குலத் தலைவர், பெரியவர் ஒபெங் அவர்களே! நம் துக்க வழக்கப்படி கறுப்பும் சிவப்பும் உடுத்திக் கண்ணீரோடு அமர்ந்திருக்கும், இந்த பிராங்ஸ் பகுதி வாழ் தாய்மார்களே! பட்டாளத்து உடையில் வந்திருக்கும் என் மருமகனின் தோழர்களே! கதவோரம் நின்று "மாமா, சீக்கிரம் முடிங்க" என்று கைகாட்டும் தம்பிமார்களே! உங்கள் அனைவருக்கும் இந்தத் தாய்மாமனின் தாழ்மையான வணக்கம். சீக்கிரம் முடிப்பதா? என் தங்கை செர்வா பெற்ற தங்கம், நம் குவாபெனாவைப் பற்றிய பேச்சையா? நடக்காது தம்பி, உட்கார்!

குவாபெனா பதினாறு வயதில் இந்த நாட்டுக்கு வந்தான். இருபதில் பட்டாளத்தில் சேர்ந்தான். முதல் வாரம், படுக்கையை ஒழுங்காக விரிக்கவில்லை என்று கர்ஜித்தபடி அறைக்குள் வந்தார் சார்ஜென்ட் டோலன். இதோ, மூன்றாம் வரிசையில் இருக்கிறாரே, அவர்தான்! நம் பிள்ளை என்ன செய்தான்? நம் வாசலுக்கு வந்தவருக்கு நாம் என்ன செய்வோம்? நாற்காலி போடுவோம், தண்ணீர் கொடுப்போம், அவர் குடித்து முடித்த பிறகே சேதி கேட்போம். அதையே செய்தான்!

"உக்காருங்கய்யா. முதல்ல தண்ணி குடிங்க. அப்புறம் வந்த சேதி சொல்லுங்க."

கிடைத்த பரிசு ஐம்பது தண்டால்! சிரியுங்கள், சிரியுங்கள், அவனும் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன்தான். ஆனால் டோலன் இன்று காலை என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா?

"என் பொண்டாட்டி செத்தப்ப எல்லாரும் கை குடுத்துட்டுப் போயிட்டாங்க. உங்க பையன் மட்டும்தான் என்னை உக்கார வச்சு, தண்ணி குடுத்து, என்ன ஆச்சுன்னு கேட்டான்."

அந்தப் பிள்ளைதான், பாலைவனத்தில் கவிழ்ந்து எரிந்த லாரியிலிருந்து இரண்டு பேரை இழுத்துப் போட்டான். மூன்றாமவனுக்காக மறுபடி உள்ளே போனான். திரும்பவில்லை, ஐயா, திரும்பவில்லை!

உயிரோடு இருந்தவரை குடியுரிமை கேட்டான்; பொறு என்றார்கள். செத்த ஒன்பதாம் நாள் அந்தத் தாள் வீடு தேடி வந்தது. இந்த நாடு, எங்கள் மகன் என்கிறது. மாம்போங்கும், எங்கள் மகன் என்கிறது. பெரியவர், பிள்ளையின் சவப்பெட்டிக்கு விமானத்தில் இடமே பிடித்துவிட்டு வந்திருக்கிறார். நேற்று என்னிடம் கேட்டார்: "பிள்ளை நம்ம மண்ணுல படுக்கணும்டா. இந்த அந்நிய ஊர்ல அவனுக்குன்னு யாரு இருக்கா?"

யார் இருக்கிறார்களா? பத்து மாதம் சுமந்தவள் இருக்கிறாள்! செர்வாவுக்கு இன்னும் இங்கே தங்கும் உரிமை கிடைக்கவில்லை. ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்களை யாரிடம் விடுவாள்? பெட்டி போனால், பெற்ற மகனுக்கு ஒரு பிடி மண் போட அவள் அங்கே இருக்க மாட்டாள். இத்தனை நாளாக வழக்கத்துக்குக் கட்டுப்பட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

நம் வழக்கம் என்ன? இறந்தவன் தாய்வழிக் குலத்துக்குச் சொந்தம். அவனுக்காகப் பேசும் வாய் தாய்மாமன் வாய். பெரியவரே, அந்த வாயால் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளுங்கள், குலத்தை விட்டே என்னைத் தள்ளிவையுங்கள்! பெட்டி விமானம் ஏறாது. என் மருமகன் இங்கே, படைவீரர் கல்லறைத் தோட்டத்தில், தன் தாய்க்கு எட்டும் தூரத்தில் உறங்குவான்!

கைதட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். என் தங்கை ஏதோ கேட்கிறாள்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை அங்க பஸ் போகுமா?"

கேட்டீர்களா, பெரியவரே? மகனுக்குக் கொடுத்த பதக்கத்தை அவள் இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. பஸ் போகுமா என்று கேட்கிறாள். அடி பைத்தியக்காரி! இருபது வருஷமா இந்த ஊர்ல டாக்சி ஓட்டுறேன். அண்ணன் இருக்கையில உனக்கு எதுக்குடி பஸ்ஸு?

என்ன பெரியவரே? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"இந்த ஞாயிறு வண்டியில எனக்கும் ஒரு இடம் வைடா."

முன் இருக்கையே உங்களுக்குத்தான், ஐயா! அழ வந்தவர்களுக்கும், அழுதபடியே சிரித்தவர்களுக்கும், என் பிள்ளையைச் சுமக்கப் போகும் தோள்களுக்கும் நெஞ்சார்ந்த நன்றி. வணக்கம்!