ஞாயிற்றுக்கிழமை மருந்து

எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடிக்கும். நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அன்று விடுமுறை. தம்பி மருந்து குடிக்கப் போகும் மையத்துக்கும் விடுமுறைதான்.

அவன் ஆறு வருடம் ஹெராயினில் கிடந்தவன். மையத்தில் தினமும் காலையில் நர்ஸ் முன்னால் நின்று ஒரு சின்னக் கோப்பை மருந்தைக் குடிக்க வேண்டும். அது உடம்பின் தவிப்பை அடக்கிவிடும். தவிப்பு அடங்கியதும் அவனுடைய திருட்டும் நின்றது. எட்டு மாதமாக அவன்மேல் ஒரு புகார்கூட இல்லை. ஒழுங்காக வருகிறான் என்று, ஞாயிறு மருந்தைச் சனிக்கிழமையே பாட்டிலில் கொடுத்தனுப்பினார்கள். அது எங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கும்.

"வீட்ல ஏதாவது காணோம்னா இனிமே என்னைத் தேடாதீங்க, பொருளைத் தேடுங்க" என்பான். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரித்தேன்.

பிறகு மையத்தில், வீட்டில் திருடியதையெல்லாம் எழுதிக் காட்டச் சொன்னார்கள். மூன்று பக்கம் எழுதினான். அம்மா இரண்டு தடவை படித்தாள்.

"என் வளையல் ரெண்டையும் விட்டுட்டியேடா?"

"அது நான் எடுக்கலம்மா. இவ்வளவு எழுதினவனுக்கு அதை எழுதறதா கஷ்டம்?"

அம்மா காகிதத்தை மடித்து வைத்தாள். சாப்பாடு போடும்போது என் முகத்தை ஒரு நொடி அதிகமாகப் பார்த்தாள்.

வளையல்களை விற்றது நான். அந்தப் பணத்தில் கடலோர விடுதியில் நான்கு நாள் தங்கினேன். கடைப் பயிற்சி என்று வீட்டில் சொன்னேன். அவனுக்காக அம்மா எதையெல்லாமோ விற்றாள், எனக்காக ஒன்று போகட்டுமே என்று தோன்றியது. அம்மா அவனைத்தான் அறைந்தாள். மறுத்துப் பேசும் நிலையில் அவன் அப்போது இல்லை.

இப்போது அந்த நிலையில் இருந்தான். அவன் பேச்சை அம்மா நம்பாமலிருக்க, அவன் பழையபடி ஆக வேண்டியிருந்தது. நான்கு வாரம், ஞாயிறு பாட்டிலில் இருந்ததைத் தொட்டியில் கொட்டிவிட்டு, நிறம் கலந்த சர்க்கரைத் தண்ணீரை நிரப்பினேன்.

"எலும்பெல்லாம் குடையுதுக்கா."

"சளிக்காய்ச்சலா இருக்கும், படு. மையத்துல சொல்லேன்."

"சொன்னா பாட்டில் தர்றதை நிறுத்திடுவாங்க. நம்பித்தானே குடுத்தாங்க."

போர்வையை நான்தான் இழுத்துப் போர்த்திவிட்டேன்.

நான்காவது ஞாயிறு, பேருந்து நிறுத்தத்தில் ஒரு வயதான அம்மாளின் பையைப் பிடுங்கினான். அவர் விழுந்ததில் தலை நடைபாதை விளிம்பில் மோதியது. இரண்டு நாளில் இறந்துவிட்டார். பையில் எங்கள் கடையின் கண்ணாடிக் கூடு இருந்ததாம். அந்த லென்ஸை நான் தேய்த்திருக்கலாம்.

போன வாரம் அம்மாவோடு சிறைக்குப் போனேன். அம்மா மறுபடியும் வளையலைப் பற்றிக் கேட்டாள். அவன் ரொம்ப நேரம் யோசித்தான்.

"சரியா ஞாபகமில்லம்மா. நான்தான் எடுத்திருப்பேன்."

அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அதனால்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். மருந்தை மாற்றியது நான். அந்த அம்மாள் செத்தது என்னால். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

வளையல் விஷயம் மட்டும் வேண்டாம் சார். தெரிந்தால் அம்மா தாங்கமாட்டாள்.