ஆளுக்கொரு ஸ்பீக்கர்

தேயிலைத் தோட்டத்திலிருந்து தானா ராத்தா டவுனுக்குப் போகும் காலை பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் அண்ணன் தம்பி இருவர், மடியில் ஆளுக்கொரு ஸ்பீக்கர் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனின் மனைவி பக்கத்து சீட்டில் இருந்தார்.

"கடைக்காரன் நல்லா ஏமாத்திட்டான்லா, அண்ணே. எங்க வீட்டுல வெறும் மேளந்தான் கேக்குது. பாடுற ஆளே இல்ல," என்றான் தம்பி.

"எங்க வீட்டுல பாடுறான்டா, மேளத்தக் காணோம்."

"அவன் ஜோடியாத்தான் விப்பேன்னான். நீங்கதான் ஆளுக்குப் பாதி போட்டா மலிவுன்னீங்க."

"மலிவுதானே? கேசட் பெட்டி ஒண்ணு எங்க வீட்டுல. ரெண்டு வீட்டுக்கும் நடுச் சுவத்துக்கு மேல ஒயரப் போட்டு ஒன் வீட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் விட்டேன். இந்த லயத்து வீடுங்கள்ல வேற எவனுக்கு இந்த யோசனை வரும்?"

அண்ணி தலையில் அடித்துக்கொண்டார். "ரெண்டும் சேந்தாத்தான் முழுப் பாட்டுன்னு அவன் அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னான். கடைக்குப் போயி மானத்த வாங்காதீங்க. ரெண்டையும் ஒரே வீட்டுல வைங்கலா!"

இருவரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

"யாரு வீட்டுல?" என்று ஒரே நேரத்தில் கேட்டுவிட்டு, அவரவர் பெட்டியை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டார்கள்.