கப்பலை விட்டு இறங்காத கஸ்பார்

...வருஷா வருஷம் இதே திருநாளுக்கு, இதே மைக்குல, மன்னிப்பைப் பத்திப் பேசுறேன். நீங்களும் தலையாட்டுறீங்க. வாசல்ல செருப்பு மாட்டும்போதே பழைய சண்டை திரும்ப ஆரம்பிச்சிடுது. எனக்கும் அலுத்துப்போச்சு, உங்களுக்கும் அலுத்துப்போச்சு. அதனால இன்னைக்குப் பிரசங்கத்தைக் கொஞ்சம் ஓரமா வச்சிட்டு, ஒரு சின்னக் கதை சொல்லிடுறேன். பேரை மாத்திட்டேன். யாரும் பக்கத்துல இருக்கவங்களைத் திரும்பிப் பாக்கவேண்டாம்.

அண்ணன் இன்னாசி, ஐஸ் கம்பெனியில வேலை. தம்பி கஸ்பார், சரக்குக் கப்பல்ல இன்ஜின் ரூம்ல வேலை. அடுத்தடுத்த வீடு. அப்பா செத்த பிறகு வீட்டுக்கு நடுவுல சுவர் எழுப்புறதுல வாய்ப்பேச்சு முத்திப்போய், ரெண்டு வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. இது உங்களுக்குப் புதுசா என்ன? இல்லை.

இப்ப கப்பல்காரங்க வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச ஒரு விஷயம். வருஷத்துல பாதிக்கு மேல நாட்டுக்கு வெளிய இருந்தா, கப்பல் சம்பளத்துக்கு இங்க வருமான வரி இல்லை. குறைஞ்சா, கட்டணும். கஸ்பாருக்கு அந்த வருஷம் கணக்கு ரொம்ப இழுபறி. ஒரு நாள் குறைஞ்சாலும் போச்சு. அப்படி இருக்கும்போது, வேற எங்கேயோ போகவேண்டிய அவனோட நிலக்கரிக் கப்பல், திடீர்னு நம்ம துறைமுகத்துக்கே வந்து நிக்குது.

சொந்த ஊரு... ஆட்டோ பிடிச்சா அரை மணி நேரத்துல வீடு. ஆனா கப்பல்ல சாப்பிட உக்காந்தா எல்லாரும் ஆடிட்டர்தானே? ஒருத்தர் சொன்னார்: "கஸ்பாரு, ஏணியை விட்டு இறங்கிக் காலைக் கீழ வச்சே, அன்னைக்கு நீ இந்தியாவுல இருந்த கணக்கு. கப்பல்லயே இரு, தப்பிச்சே." நம்ம ஆளு அப்படியே நம்பிட்டான். பெண்டாட்டிகிட்டயே, "வராதே, நான் இறங்க முடியாது"ன்னு சொல்லிட்டான்.

மறுநாள் காலையில போன் அடிக்குது. யாரு? அண்ணன். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம்.

"ஏல கஸ்பாரு... நான்தான். துறைமுகம் கேட்டுல நிக்கேன். உங்க மதினி மீன் குழம்பு வச்சுக் குடுத்துவிட்டிருக்கா. என்னை உள்ள விடமாட்டேங்கான். நீ கொஞ்சம் வெளிய வா."

 கஸ்பார் வாயில என்ன வந்துச்சு தெரியுமா?

"அண்ணே... நான் இறங்கக்கூடாதுண்ணே."

"யாரு சொன்னா?"

"சட்டம்ணே. இறங்கினா வரி போட்டுருவான்."

 அண்ணன் சொன்னான்: "வர இஷ்டமில்லைன்னா இஷ்டமில்லைன்னு சொல்லுல. சட்டத்தை ஏன் இழுக்கே?"

வச்சிட்டான். மத்தியானம் வரைக்கும் அங்கேயே நின்னிருக்கான், மனசு மாறி வந்திருவான்னு. வரலை. குழம்பை ஒரு லாரி டிரைவர்கிட்ட, நீயே சாப்பிடுன்னு குடுத்துட்டு வீட்டுக்கு நடந்துட்டான்.

கஸ்பார் வேலை முடிச்சு ஊருக்கு வந்தான். ஆடிட்டர் முன்னால பெருமையா உக்காந்து சொல்றான்: "சார், கப்பல் நம்ம ஊருக்கே வந்துச்சு. நான் கீழ காலே வைக்கலை."

ஆடிட்டர் கேட்டார்: "ஏன் வைக்கலை?"

"வச்சா அந்த நாள் கணக்குல சேந்துருமே சார்."

"யாருப்பா சொன்னது? உங்களுது மாதிரி வெளிநாட்டுப் பயணத்துக்கு, கப்பல்ல வேலைக்குச் சேர்ந்த தேதி, வேலை முடிஞ்சு இறங்கின தேதி, ரெண்டையும்தான் பாப்பாங்க. நடுவுல வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டீங்களான்னு யாரு கேக்கப்போறா? இறங்கினாலும் அதே கணக்கு, இறங்காட்டாலும் அதே கணக்கு."

கஸ்பார் நேரா அண்ணன் வீட்டு வாசல்ல போய் நின்னான். "அண்ணே, தப்பு பண்ணிட்டேன். அப்படி ஒரு சட்டமே இல்லையாம்."

அண்ணன் கதவைப் பிடிச்சிக்கிட்டே சொன்னான்: "அன்னைக்குச் சட்டம்னு சொன்னே. இன்னைக்குச் சட்டம் இல்லைங்கே. இதைத்தானேல நான் அன்னைக்கே சொன்னேன்?"

கதவைச் சாத்திட்டான்.

இப்ப நீங்க சொல்லுங்க. கஸ்பார் பொய் சொன்னானா? இல்லை. சட்டம் தடுத்துச்சா? அதுவும் இல்லை. அப்போ அவன் காலை எது பிடிச்சிருந்துச்சு? அவனே என்கிட்ட சொன்னான். பாவசங்கீர்த்தனத்துல ரகசியமாச் சொன்னது இல்லை, டீக்கடையில சொன்னது, அதனால நான் சொல்லலாம். "சாமி, கையில போன் இருந்துச்சு. ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கணும்னே தோணலை சாமி. அண்ணன் முதல்ல இறங்கி வந்துட்டான்ல, கொஞ்சம் நிக்கட்டுமேன்னு உள்ளுக்குள்ள ஒரு ரோசம் இருந்திருக்கு. சட்டம் அதுக்குத் தோதா வந்துச்சு."

கேட்டீங்களா? தோதா வந்துச்சு...

நாம எல்லாரும் இதைத்தானே பண்றோம்? போகக்கூடாதுன்னு மனசு முடிவு பண்ணிடுது. அப்புறம் ஒரு காரணம் தேடுறோம். வேலை. வெயில். பிள்ளைக்குப் பரீட்சை. அவங்கதான் முதல்ல வரணும்கிற முறை. அந்தக் காரணம் நிஜமான்னு ஒரு தடவையாவது விசாரிக்கிறோமா? மாட்டோம். விசாரிச்சா போகவேண்டியதாயிடும்.

அந்த ரெண்டு வீட்டுக்கும் நான் இன்னும் போய்க்கிட்டுத்தான் இருக்கேன். அங்க ஒரு டீ, இங்க ஒரு டீ. அண்ணன் கேக்கான்: "சாமி, அவன் என்னைப் பத்தி ஏதும் சொன்னானா?" தம்பியும் அதையேதான் கேக்கான். நடுவுல ஒரு சுவர். நான் தூது போய்ப் போய்க் களைச்சிட்டேன்.

அதனால இன்னைக்குப் பூசை முடிஞ்சதும் ஆசீர்வாதம் வேணும்னு என்கிட்ட வரிசையில வந்து நிக்காதீங்க. யார்கூடப் பேசலையோ அவங்க வீட்டுக்குப் போங்க. கதவைச் சாத்தினா, நாளைக்கும் போங்க. நான் கோயிலைப் பூட்டிட்டுப் போய்ப் படுக்கிறேன்.