சந்தனம் வைத்த டேப்லெட்

மலேசியாவில், மதியம் சிரம்பான் போகும் பஸ். லாபு பக்கத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளி வாசலில் ஏறிய இரண்டு ஆசிரியைகள் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள்.

“சந்தனம் காஞ்சா கல்லு மாதிரி ஆயிடுதுக்கா,” என்றார் இளையவர்.

“எதுல?”

“டேப்லெட்டுக்கு சார்ஜ் போடுற ஓட்டையில. சரஸ்வதி பூஜைக்குப் புத்தகத்தோட அதையும் அடுக்குனோம்ல? பிள்ளைங்க ஆசையா எல்லாத்துக்கும் சந்தனம் பூசி வச்சிருச்சுங்க. நானும் நின்னு கும்பிட்டேன். இப்ப ஒண்ணுல கூட சார்ஜ் ஏற மாட்டேங்குது.”

“நாளைக்குக் கல்வி இலாகாவுல இருந்து வர்றாங்களே!”

“ஆமா. பிள்ளைங்க டேப்லெட்ல ஆர்வமா படிக்கிறதைப் படம் எடுக்கணுமாம்.”

“என்ன செய்யப்போற?”

“இன்னிக்கே ஒத்திகை பாத்தாச்சு. அணைஞ்ச ஸ்கிரீனை விரலால தள்ளிக்கிட்டே இருங்கன்னேன். தள்ளுச்சுங்க.”

மூத்தவர் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டார். “பிள்ளைங்க நடிச்சிரும் லா, விடு.”

“நடிக்கலக்கா. கொஞ்ச நேரத்துல ஒரு பொண்ணு கையைத் தூக்கி, ‘டீச்சர், முடிச்சிட்டேன்’னு நீட்டுது.”

“நீ என்ன சொன்ன?”

“வாங்கிப் பாத்துட்டு, ‘கெட்டிக்காரி’ன்னேன்.”